சவுக்கு கன்னு வாங்கப் போறீங்களா, நியூசிலாந்து பைன் கதைய கேட்டுட்டுப் போங்க

உச்சிப்புளி பக்கம் இப்ப எந்த டீக்கடையில உக்காந்தாலும் குளோன் சவுக்கு, அதாவது விதையில்லாம ஒரே தாய்மரத்துல இருந்து எடுத்த கன்னு, அந்தப் பேச்சுதான். விதைக்கன்ன விட சீக்கிரம் வெட்டலாம், தடி நேரா வரும்னு. பொய்யில்ல. ஆனா வேகத்த மட்டும் பாத்து கன்னு எடுக்குறதுல ஒரு சிக்கல் இருக்கு, அத நல்லா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்க நியூசிலாந்துக்காரங்க.

அங்க நட்டு வளக்குற காட்டுல சுமார் 90 சதவீதம் ரேடியேட்டா பைன். அது அந்த ஊரு மரமே இல்ல, கலிபோர்னியா கரையில மூணு இடம், மெக்சிகோவுக்குச் சொந்தமான ரெண்டு தீவு, அவ்ளோதான் அதோட பொறந்த மண்ணு. 1950கள்ல இருந்து தோப்பு தோப்பா அலைஞ்சு தடி நேரா, பருமனா, கிளை சின்னதா இருக்குற மரமா பொறுக்கி, அதோட கொப்ப ஒட்டுக்கட்டி விதைத்தோட்டம் போட்டு, அதுல வந்த பிள்ளைங்கள வேற வேற மண்ணுல நட்டு எது தேறுதுன்னு பாத்து அதுல இருந்து மறுபடி பொறுக்குனு தலைமுறை தலைமுறையா போயிட்டே இருக்காங்க. மரமும் நல்லாவே பெருத்துச்சு. கூத்து என்னன்னா, சீக்கிரம் பெருத்த மரத்த 28 வருஷம் வாக்குல வெட்டுனா நடுவுல இளங்கட்டை, அதாவது மரம் சின்னதா இருந்தப்ப வச்ச மெதுக்கட்டை, அதோட பங்கு ஜாஸ்தியா இருக்கு, அதுல அறுத்த பலகை முறுக்கிக்குது, பாரம் தாங்காம வளையுது. அப்புறம் மரத்த வெட்டாமலே தடியத் தட்டி சத்தம் உள்ள எவ்ளோ வேகமா ஓடுதுன்னு அளக்க ஆரம்பிச்சாங்க, வேகமா ஓடுனா கட்டை கெட்டி. செம்ம ஐடியால்ல?

சவுக்கும் வெளியூரு மரந்தான், ஆனா பைன் சாதி இல்ல. சின்ன வயசுல ஊசியப் பிச்சு திரும்பச் சொருகி "எங்க பிச்சேன் சொல்லு"ன்னு விளையாடியிருப்பீங்க, அந்தக் கணுவுல வட்டமா பொடிப்பொடியா பல்லு மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் நெசமான இலை, ஊசி வெறும் குச்சி.

கோயமுத்தூர் வன மரபியல் நிறுவனம் விட்ட ஜூங்குனியானா (சவுக்குலயே இன்னொரு இனம்) ரகங்க நேரா நல்லாத்தான் வருது. ஆனா குளோன்னா தோப்பு முழுக்க ஒரே மரம்னு அர்த்தம், பட்டை கொப்புளிச்சு காயுற நோய் ஒண்ணுக்குப் புடிச்சா மத்ததுக்கும் தாங்குற சக்தி அதே அளவுதான். அதனால ரெண்டு மூணு ரகம் கலந்து வைங்க. பேப்பர் மில்லுக்கா, சென்ட்ரிங் முட்டுக்கான்னு மொதல்ல முடிவு பண்ணிக்கங்க, மில்லுக்கு எடைதான் காசு, முட்டுக்கு வளையாம நிக்கணும். கடலுக்கு ஒட்டி உப்புக்காத்து நேரா அடிக்குற வரிசைக்கு நான் பழைய சவுக்கையே வைப்பேன். எங்க சித்தப்பாவுக்கு இது புடிக்கல, "கலந்து வச்சா ஏவாரி ஒரே வெலை போடமாட்டான்டா"ங்கறாரு, அதுவும் நியாயமாத்தான் படுது, அதனால ரகத்த வரிசையாப் பிரிச்சு வைக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம்.