பச்சைச் சாயம் காட்டுவதும் காட்டாததும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் வயிறு உப்பினால் முதலில் 'கேஸ்டிரிக்' மாத்திரைதான். சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது கட்டி பல நேரம் மலக்குடலோடு ஒட்டிவிட்டிருக்கும். அப்போது கருப்பை, சினைப்பைகளோடு குடலின் அந்தத் துண்டையும் சேர்த்தே எடுத்து, மிஞ்சிய இரு முனைகளை ஸ்டேப்ளரால் இணைக்கிறார்கள். அந்த இணைப்பு கசிந்தால் இடுப்புக்குள் மலம் சேரும், கீமோவும் தள்ளிப்போகும்.

இணைக்கப்போகும் முனைக்கு ரத்தம் போகிறதா என்பதை நிறம், துடிப்பு, வெட்டு விளிம்பில் கசியும் ரத்தம் இவற்றை வைத்தே வழக்கமாகக் கணிப்பார்கள். கண் ஏமாறும் இடம் அது. அங்கேதான் ரத்தத்தோடு ஓடி ஒளிரும் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம் உதவுகிறது. 25 மி.கி. குப்பியை 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைக்க வேண்டும். சலைனில் கரைக்கக் கூடாது, சரியாகக் கரையாது. கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதிலிருந்து 2 முதல் 3 மி.லி. வரை ரத்தக்குழாயில் செலுத்தி, பின்னாலேயே சலைன் விட்டால், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அகச்சிவப்புக் கேமராவில் குடல் ஒளிரும். ஆபரேஷன் தியேட்டர் விளக்குகளை அணைக்க மறந்தால் திரையில் வெறும் வெளிச்சம்தான். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரத்த ஆக்சிஜனைக் காட்டும் ஆக்சிமீட்டர் அளவு சற்று நேரம் பொய்யாக இறங்கும். சாயத்தில் அயோடின் இருப்பதால் ஒவ்வாமையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பார்க்கும் நேரம்தான் சூட்சுமம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், நல்ல பகுதியிலிருந்து சாயம் ஊறிப் பரவி, ரத்தமில்லாத விளிம்பும் பளிச்சென்று தெரியும். அதை நம்பி இணைத்தால் வம்பு. ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலோ அழுத்தத்தை ஏற்றும் நாரட்ரெனலின் மருந்து ஓடினாலோ நல்ல குடலும் தாமதமாகவே ஒளிரும். அதனால் பக்கத்துக் குடல் சுருளோடு ஒப்பிட வேண்டும். இருண்ட முனையை ஒளிரும் இடம் வரை வெட்டுவார்கள். நீளம் போதாவிட்டால் பெருங்குடலின் மண்ணீரல் பக்க வளைவை விடுவித்துக் கீழே இறக்குவார்கள். இழுத்துப் பிடித்துத் தைத்த குடல் எவ்வளவு ஒளிர்ந்தாலும் பிய்ந்துவிடும்.

சாயம் ரத்த ஓட்டத்தை மட்டுமே காட்டும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பது, ஆசனவாய்க்கு மிக அருகிலான இணைப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் எல்லாம் அதன் கண்ணில் படாது. மலக்குடல் அறுவையில் நடந்த பில்லர் 3 ஆய்வில் (2021) சாயம் பயன்படுத்தியவர்களிடமும் கசிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆகவே இடுப்புக்குழியில் தண்ணீர் ஊற்றி, ஆசனவாய் வழியே காற்றடித்துக் குமிழி பார்ப்பதையும், தேவைப்பட்டால் தற்காலிக இலியோஸ்டமியையும் (சிறுகுடலை வயிற்றுத் தோலில் திறந்து மலத்தைப் பையில் விடுவது) விட்டுவிட முடியாது.

வீடு திரும்பிய பிறகு உள்ளூர் கிளினிக் மிஸ்ஸிக்கு (நர்ஸுக்கு)த் தெரிய வேண்டியவை வேறு. இணைப்பு கசிந்தால், காய்ச்சலுக்கு முன்பே நாடி நூறைத் தாண்டி நிற்கலாம். பெண்ணுறுப்பு வழியே மல வாடையோடு நீர் கசிந்தால், சாதாரணக் கிருமித்தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பாமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மலச்சிக்கல் என்று வந்தாலும், அறுவை செய்த டாக்டரைக் கேட்காமல் எனிமா கொடுக்கவே கூடாது. அதன் முனையே புது இணைப்பைத் துளைத்துவிடும்.