மாமாவும் இடுப்புத் துப்பாக்கியும்

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் மாமாவுக்கு ஒருவழியாகக் கைத்துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது. ஏலக்காய் விற்ற பணத்தோடு கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் இறங்குபவர், ஆசைப்பட்டதில் தப்பில்லை.

முதலில் 9 எம்.எம். குண்டு போடும் துப்பாக்கி கேட்டார். "மாமா, அது தடைசெய்யப்பட்ட ரகம், நமக்குத் தரமாட்டாங்க" என்றேன். நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் வாங்குவது .32 அங்குலக் குண்டு ரகம்தான். பிஸ்டல் என்றால் அஷானி, ரிவால்வர் என்றால் 2014-இல் வந்த நிர்பீக். நிர்பீக் அரைக்கிலோதான், இடுப்பில் இருப்பதே தெரியாது. ஆனால் பெண்களுக்கென்று விளம்பரம் செய்தார்கள் என்று யாரோ சொல்லிவிட, மாமா மீசையைத் தடவிக்கொண்டு அஷானிக்குப் போய்விட்டார். தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் புடைக்காது என்பது அவர் கணக்கு. சரி, அதுவும் நியாயம்தான்.

அப்புறம் ஆரம்பித்தது 'மாற்றங்கள்'. குழலைக் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்கலாமா என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குத் தனி உரிமம் வேண்டும், 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு. கடைசியில் மாற்றியது உறையை மட்டும்: சுடும் விசையை முழுதாக மூடும் கெட்டித் தோல் உறை. என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமான பாகம் கிடையாது. வேட்டிக்கு மேல் கட்டும் பட்டை பெல்ட் இந்தக் கனத்துக்குத் தொங்குகிறது. மாமா பேன்ட் போட ஆரம்பித்திருக்கிறார், அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நேற்றுதான் உரிமப் புத்தகத்தை நிதானமாகப் படித்தோம். செல்லுபடியாகும் எல்லை: தமிழ்நாடு. தோட்டம் இருப்பது கேரளாவில்.