சிவப்பு மையில் எழுதிய பெயர்கள்: ஒரு நாகஸ்வரப் பள்ளிக்கு நிதி திரட்டிய அனுபவம்

கும்பகோணத்திற்கு அருகே ஓர் அறக்கட்டளை நடத்திவரும் நாகஸ்வர, தவில் பள்ளியில் நிதி திரட்டும் பணியும் முன்னாள் மாணவர்களோடு தொடர்பைப் பேணும் பணியும் 2019-இல் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு முன் நான் ஒரு வங்கியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கருவி வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கென ஒரு வைப்புநிதி உருவாக்கி, அதன் வட்டியில் ஆண்டுதோறும் சில கருவிகளாவது வாங்கித் தர வேண்டும் என்பதே தாளாளர் எனக்குச் சொன்ன வேலை.

கருவி என்று ஏன் குறிப்பாகச் சொன்னார் என்பது வகுப்பறைக்குப் போன முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தன் சித்தப்பாவின் நாகஸ்வரத்தில்தான் பயின்றுகொண்டிருந்தான். முகூர்த்த நாட்களில் சித்தப்பா கல்யாணத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பதால், அன்றைக்கெல்லாம் அவன் வெறுங்கையோடு உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிக்கும் வரிசைகளைத் தொடையின்மேல் விரல்களால் வாசித்துக்கொண்டிருப்பான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நல்ல பழைய மரம் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், அந்தக் கருவி அவன் வீட்டுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. அதோடு, ஊதுவதற்காகக் கருவியின் முனையில் பொருத்தும், கொறுக்கைத் தட்டையில் செய்யப்படும் சீவாளி தேயத் தேய மாற்ற வேண்டியது. அது ஒரு முறைச் செலவோடு முடிவதில்லை.

முதல் ஆண்டு முழுவதையும் நிறுவனங்களின் பின்னால் அலைந்து கழித்தேன். நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அப்படிச் செலவிடத்தக்க பணிகளைப் பட்டியலிடும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வியும் உண்டு, மரபுக் கலைகளின் வளர்ச்சியும் உண்டு. ஆகவே கதவு திறந்திருக்கிறது என்றே நம்பினேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, எத்தனை பேர் பயனடைவார்கள் என்பதாகவே இருந்தது. ஓர் ஆசிரியர் எதிரே நான்கு மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொருவரின் மூச்சையும் உதட்டையும் தனித்தனியே திருத்திச் சொல்லித்தரும் கல்வி இது என்பதை அவர்களுடைய படிவத்தின் எந்தக் கட்டத்திலும் என்னால் எழுத முடியவில்லை. கலைக் கல்விக்கு நிதி கேட்பவர்கள் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிக் காட்டக் கூடாது என்பதில் அன்றும் இன்றும் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிறகுதான் அலமாரியில் இருந்த பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்தேன். மாணவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த நாள் ஆகியவை நீல மையிலும், படிப்பை முடிக்காதவர்களின் பெயருக்கு எதிரே ‘நீக்கம்’ என்ற சொல் சிவப்பு மையிலும் இருந்தன. வித்வான்களாகிப் பெயர் பெற்றவர்களைத்தான் முதலில் அழைத்தேன். அவர்கள் அன்பாகவே பேசினார்கள். ஆனால் அவர்களில் பலர் தங்கள் வீட்டிலேயே சீடர்களை வைத்துச் சோறு போட்டுச் சொல்லிக்கொடுப்பவர்கள். அவர்களிடம் மேலும் கேட்பது நியாயமாகப் படவில்லை.

சிவப்பு மைப் பெயர்களைத் தேடத் தொடங்கியபோதுதான் வேலை திசை திரும்பியது. தவில் வகுப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் நடத்துநராகி ஓய்வு பெற்ற ஒருவரை, ஊர்க்காரர்களிடம் விசாரித்துத் தொலைபேசியில் பிடித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் பாதியிலே விட்டுட்டுப் போனவன்மா, என்னைப் போயி மாணவன்னு சொல்றீங்களே?” என்று கேட்டார். பணத்தைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை. விஜயதசமிக்கு வந்து போங்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன். வந்தார், தன் பெயர் இருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தார், போகும்போது, இப்போது எந்தப் பையனுக்குத் தவில் இல்லை என்று அவராகவே கேட்டார். கலையை விட்டுப் போனவர்கள் பள்ளியை மறந்தவர்கள் அல்லர், பள்ளி தங்களை மறந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் என்பது அதன்பின் ஒவ்வோர் அழைப்பிலும் எனக்கு உறுதிப்பட்டது. அதன்பிறகு, முதல் அழைப்பிலேயே நன்கொடை கேட்பதை முற்றிலும் நிறுத்திவிட்டேன்.

பணம் வரத் தொடங்கியபின் காகித வேலை சூழ்ந்துகொண்டது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு நன்கொடையாளருக்குத் தந்த வரிச்சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடை தகுதி பெறாது என்பதால், தாள்களாகவே கொண்டுவந்து கையில் கொடுக்க விரும்பிய பெரியவர்களை வங்கிக்கு அழைத்துப் போனேன். நன்கொடையாளரின் பான் எண்ணோடு, நன்கொடை விவரங்களைத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தை மே 31-க்குள் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழை அனுப்ப வேண்டியிருந்தது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகும் அநேகமாக எவரும் பின்வாங்கியதில்லை.

ஒரு தவறு மட்டும் பெரிதாகியிருக்கும். டொரொண்டோவில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்ட ஒரு முன்னாள் மாணவர் கணிசமான தொகை தருவதாகச் சொன்னபோது, மகிழ்ச்சியில் பள்ளியின் சாதாரண வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிவிட்டேன். அன்று மாலையே எங்கள் ஆடிட்டர் தடுத்தார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து தன் சேமிப்பை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதைப் பெற, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பதிவுக்கு முந்தைய மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எங்கள் சிறிய பள்ளி அப்போது எட்டியிருக்கவில்லை. அவரை அழைத்து, பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தம். அவர் அதைப் புரிந்துகொண்டு, இந்தியக் குடிமக்களாகவே வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தன் வகுப்புத் தோழர்கள் மூவரின் எண்களைக் கொடுத்தார்.

அந்த மூவரும் நடத்துநர் ஐயாவும் இன்னும் சிலரும் கொடுத்ததில் வைப்புநிதி தொடங்கியது. சித்தப்பாவின் கருவியில் பயின்ற பையனுக்கு முதல் வட்டியில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் வந்தது. அவன் அதில் முதன்முதலாக வாசித்த மல்லாரியை, சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கும் அந்த இசையை, என் கைபேசியில் பதிவுசெய்து, கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அன்றிரவே அனுப்பினேன். பதிவேட்டில் இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிவப்புப் பெயர்கள் தேடப்படாமல் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறேன்.