டெரிகூர் கோப்பு தேடி லண்டன் கியூ (Kew) பகுதிக்குப் போகிறவர்களுக்கு

டெரிகூர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசிய அமைப்பான எஸ்.ஓ.இ.க்காக பிரான்ஸில் விமானங்கள் இறங்க ஏற்பாடு செய்தவர்; ஜெர்மன்காரர்களுக்கு உதவினார் என்று சந்தேகிக்கப்பட்டவர். அவர் கோப்பைத் தேடிப் போன எனக்கு முதல் நாள் வீண். தப்பு என்னுடையதுதான். கியூவில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அசல் கோப்பைத் தொட வாசகர் அட்டை வேண்டும். அதற்குப் பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு இன்னொன்று. "பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முகவரி இருக்கிறதே" என்று வாதாடிப் பயனில்லை. ஒரே ஆவணம் இரண்டுக்கும் செல்லாது. வங்கிக் கணக்கு விவரமோ மின் கட்டண ரசீதோ கையோடு கொண்டுபோங்கள். ஞாயிறும் திங்களும் விடுமுறை.

அட்டை, லாக்கர், இருக்கை எல்லாம் பிறகு சுலபம். பென்சில் மட்டும்தான், பேனா, ரப்பர் உள்ளே போகாது. போனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது.

அடுத்த அடி கேட்லாக்கில். எஸ்.ஓ.இ. ஆட்களின் கோப்புகள் எச்எஸ் 9 வரிசையில் இருக்கின்றன. புனைபெயர்களையும் போட்டுத் தேடுங்கள். எஸ்.ஓ.இ.யின் ரேடியோ ஆபரேட்டர் நூர் இனாயத் கான் 'நோரா பேக்கர்' என்ற பெயரிலும் இருந்தவர். அவருடைய எண் எச்எஸ் 9/836/5. "மூளை அதிகமில்லை" என்று எழுதிய பயிற்சி அறிக்கையின் மேல் எஸ்.ஓ.இ.யின் பிரான்ஸ் பிரிவுத் தலைவர் பக்மாஸ்டர் கோபமாகக் கிறுக்கிய குறிப்பைப் பார்க்கவாவது அதைக் கேட்டு வாங்குங்கள். கோப்புக்குரியவர் பிறந்து 100 வருடம் ஆகாமல் கோப்பு மூடியிருந்தால், இறப்புச் சான்று இணைத்து விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

நடுவே ஒரு பக்கத்துக்குப் பதில் '1958 சட்டம், பிரிவு 3(4)' என்ற சீட்டு வந்தால் பதற வேண்டாம். தாள் தொலையவில்லை, அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. நிஜமாகவே தொலைந்தவை வேறு: 1946-ல் எஸ்.ஓ.இ.யின் பேக்கர் வீதித் தலைமையகத்தில் பிடித்த தீயில் போனவை, அதன்பின் தேவையில்லை என்று கழித்துக்கட்டியவை.

எச்எஸ் 9-ஐ மட்டும் நம்பினால் கதை பாதிதான் கிடைக்கும். டெரிகூர் மேல் விழுந்த சந்தேகத்தைத் துருவியது பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5. அந்தத் தாள்கள் கேவி 2 வரிசையில். இரண்டையும் முன்கூட்டியே ஆர்டர் செய்துவிடுங்கள்.

ரேடியோ செய்திகளைப் படிக்கும்போது பாதுகாப்பு அடையாளத்தை, அதாவது அனுப்புவது தான்தான் என்று காட்ட ஆபரேட்டர் செய்தியில் சேர்க்கும் குறியைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் இரண்டு உண்டு: பிடிபட்டால் எதிரியிடம் சொல்லிவிடலாம் என்ற பொய் அடையாளம், சொல்லவே கூடாத உண்மை அடையாளம். 1943 ஜூனில் பிரான்ஸில் எஸ்.ஓ.இ. ஆபரேட்டர் கில்பர்ட் நார்மன் பிடிபட்ட பிறகு அவர் பெயரில் போன செய்தியில் இரண்டாவது இல்லை. லண்டன் சந்தேகப்படவில்லை, மறந்துவிட்டீர்களே என்று கடிந்து பதில் அனுப்பியது. அதை வாங்கிப் படித்தது ஜெர்மன்காரர்கள்.

தேதிகளை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை கொடுத்தது அதுதான். 1943 அக்டோபரில் எஸ்.ஓ.இ.யின் பிரெஞ்சு ஏஜென்ட் ஃப்ராஜே லண்டன் வந்து டெரிகூரைத் துரோகி என்கிறார். நவம்பர் நடுவில் டெரிகூர் ஏற்பாட்டில் பிரான்ஸின் ஆங்ஜே நகர் பக்கம் விமானம் இறங்குகிறது. வந்தவர்களை ஜெர்மன்காரர்கள் பின்தொடர்ந்து போய்ப் பிடிக்கிறார்கள். டெரிகூரை லண்டனுக்குத் திருப்பி அழைத்தது 1944 பிப்ரவரியில்.