கட்டுறுப் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைமாருக்கு: தரம் 3 ஆங்கில வகுப்பு

மட்டக்களப்பு, தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து, பாடசாலையில் நின்று கற்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "ஆங்கிலத்துக்கு என்ன கற்பித்தல் சாதனம் செய்து கொண்டு போக?" என்பதுதான். அதற்கான பிறிஸ்டல் போட் அட்டையைப் பிறகு வாங்கலாம். முதல் கிழமையில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, தரம் 2 தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் ஆரம்பப்பிரிவு எடுத்தபோது, ஆங்கிலத்துக்கென்று நான் செய்த வேலைகளில் அதிகம் கைகொடுத்தது இதுதான். தமிழில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை ஆங்கிலத்தில் இரண்டு மடங்கு தடுமாறும். அந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, தமிழ்ப் பாடவேளையிலேயே கவனியுங்கள்.

தரம் 1, 2 இல் ஆங்கிலம் வாய்மொழி மட்டும்தான். பாட்டு, விளையாட்டு, "ஸ்டாண்ட் அப், சிற் டவுன்" என்று போய்விடும். புத்தகம் வைத்து முறையாகத் தொடங்குவது தரம் 3 இல். சிக்கலும் அங்கேதான். இருபத்தாறு எழுத்தையும் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். பூனைப் படத்துக்குக் கீழே உள்ள சொல்லைக் காட்டினால் "சீ, ஏ, ரீ... கற்!" என்று சத்தமாகச் சொல்லும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள். "சீ, ஏ, ரீ..." அதற்குமேல் வராது, நம் முகத்தைப் பார்க்கும். பிழை பிள்ளையில் இல்லை. 'சீ' என்ற பெயரைப் படிப்பித்துவிட்டு 'க்' என்ற ஒலியை எதிர்பார்த்தால் எங்கிருந்து வரும்?

இதற்கு வேண்டிய சாமான் பிள்ளையிடமே இருக்கிறது. ப் + இ = பி என்று தமிழில் படித்தாயிற்று. ஆங்கில எழுத்தைக் கரும்பலகையில் எழுதி, பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும், புள்ளி வைத்த மெய்யெழுத்தைச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். "பெ, இ, னெ" என்று இழுத்தால் சொல் சேராது. "ப், இ, ன்" என்றால் "பின்" தானாக வந்து விழும். ஏ, பீ, சீ வரிசையையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். ஸ், அ, ற், ப், இ, ன் ஆகிய ஆறு ஒலிக்குரிய எழுத்துகளை (s, a, t, p, i, n) முதலில் கொடுத்தால் பின், ரின், சிற், ரிப் (pin, tin, sit, tip) என்று நிறையச் சொல் கட்டலாம். பல நாடுகளில் ஒலிமுறையில் கற்பிப்பவர்கள் தொடங்கும் வரிசை இது. தானே ஒரு சொல்லை வாசித்துவிட்டது என்று தெரிகிற அன்று பிள்ளை உங்களை விடாது, "இன்னொண்டு எழுதுங்க ரீச்சர்" என்று நிற்கும்.

அடுத்த சிக்கல் ப. பல், பஸ் இரண்டையும் ஒரே ப போட்டு எழுதுகிறோம். ஆனால் வாயில் வரும் ஒலி வேறு வேறு, அது பிள்ளைக்கும் தெரியும். பல், பூ, பாய் ஒரு பக்கம், பஸ், பல்ப், பிஸ்கற் மறுபக்கம் என்று படங்களைப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். காது பிரித்துக் காட்டிய பிறகு எழுத்தைக் கொடுத்தால் குழப்பம் குறைவு. கல், கேற் இரண்டுக்கும் இதே கதைதான். வயிறு வலப்பக்கம் இருக்கும் சின்ன எழுத்தையும் (b) இடப்பக்கம் இருக்கும் சின்ன எழுத்தையும் (d) ஒரே கிழமையில் எடுத்துவிடாதீர்கள். ஒன்று கையில் ஊறட்டும், மற்றது பிறகு.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு நம் பக்கத்திலிருந்து படுவான்கரைக்குப் போய்வருவது லேசு. முன்பு 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். ஆகவே பாடசாலை விட்ட பிறகு, அதிபரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, பின்தங்கிய நாலைந்து பேரோடு கொஞ்ச நேரம் நிற்கலாம். மாரி மழைக்குள் வரவு விழுந்துவிடும். அந்த நாட்களில் புது ஒலி எடுக்காமல் பழையதையே விளையாட்டாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வராத பிள்ளைக்குத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வருகிற நாளில் வகுப்பை அலங்கரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாடக்குறிப்பு ஒழுங்காக இருந்தால் போதும். அதோடு ஒரு கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த ஒலி தெரியும், எது தெரியாது என்று திகதியோடு எழுதி வாருங்கள். கேள்வி வந்தால் பதில் அதற்குள்ளேயே இருக்கும்.

தரம் 3 இலேயே, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் கேட்கும் பெற்றோர் உண்டு, சிரித்துச் சமாளியுங்கள். "எங்களுக்கு இங்கிலீசு தெரியாதே" என்று கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரவில் பிள்ளை அன்றைக்குப் படித்த ஐந்தாறு சொல்லை வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டால் போதும் என்று முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.