விடியும்போது மிச்சமிருக்கும் மை

2025 சித்திரை 12, வெள்ளி

ஊர் ஊராகக் காப்புக் கட்டியாயிற்று. இனி ஆடிக் கடைசி வரை டெல்டாவில் நாடகம், காளியாட்டம், கரகம் என்று ராத்திரிகள் போகும். ஸ்திரீபார்ட், அதாவது நாடகத்தில் பெண் வேஷம், கட்டுகிறவர்களுக்கும், மேடையே இல்லாமல் மை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற பையன்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் சவரம். பத்து மணிக்கு மேடை என்றால் மாலை ஐந்துக்குள் முடித்துவிட வேண்டும். காலையில் வழித்தால் நடுநிசிக்குள் முள் எட்டிப் பார்க்கும். மேடைக்கு முன் அவசரமாக வழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கலர் இறங்கி எரியும், மறுநாள் தாடை முழுக்கச் சிவப்புப் பொரி. வழித்த பிறகு படிகாரக் கல்லை ஈரமாகத் தடவிக் கழுவினால் போதும். ஸ்பிரிட் கலந்த லோஷன் வேண்டாம். தோல் வறண்டு, மேலே போடும் பேன்கேக் கலர் பொருக்குப் பொருக்காக உதிரும்.

எவ்வளவு வழித்தாலும் தாடையில் ஒரு கருநீலம் நிற்கும். அதன் மேல் நேராக வெளிர் கலரை அப்பினால் சாம்பல் பூத்துவிடும், மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கே தெரியும். நீலத்தை ஆரஞ்சுதான் அடக்கும். செங்கல் நிற லிப்ஸ்டிக் ஒரு பட்டாணி அளவு, தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு. குழைத்து மேலுதடு, மோவாய், தாடை ஓரத்தில் மட்டும் விரல் நுனியால் தட்டித் தட்டி வையுங்கள். இழுத்துத் தேய்த்தால் திட்டுத் திட்டாகும். மேலே பவுடர் ஒற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு முகத்துக் கலர்.

அந்தக் கலரைக் கழுத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள். ஸ்திரீபார்ட் என்றாலே இரண்டு படி வெளுப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. நம் வயல்களில் நாற்று நடும் பெண்கள் என்ன நிறமோ அந்த நிறத்தில் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி நின்றால் என்ன குறை?

சித்திரை 14, ஞாயிறு

ஒன்றே ஒன்று. ஒப்பனை எல்லாவற்றுக்கும் அரிதாரம் என்று சொல்கிறோம். அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல். பழைய பெட்டியில் பொட்டலம் கிடந்தால் தொடாமல் தூரப் போடுங்கள். ஈயம் கலந்த செந்தூரமும் அப்படியே, உதட்டுக்குக் கூடவே கூடாது. வெள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடு போதும்.

சித்திரை 17, புதன்

மை. வீட்டிலேயே செய்வது நல்லது. கடையில் விற்கும் சில சுர்மாக் கண்மைகளில் ஈயம் இருக்கும்.

ஒரு சாண் வெள்ளை வேட்டித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இதை மூன்று தரம் செய்யுங்கள். அதைத் திரியாகத் திரித்து, அகலில் விளக்கெண்ணெய் விட்டு, காற்று வராத மூலையில் ஏற்றுங்கள். இரு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்க்க வேண்டும். சுடரின் நுனி தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். தட்டு தாழ்ந்தால் சுடர் மூச்சுத் திணறும், உயர்ந்தால் கரி காற்றோடு போகும். இரண்டு மணி நேரத்தில் தட்டின் அடியில் வெல்வெட்டு மாதிரி கருப்பு படிந்திருக்கும். ஆறவிட்டுக் கரண்டிக் காம்பால் வழியுங்கள். அரைக் கரண்டிக் கரிக்கு மூன்று நான்கு சொட்டு விளக்கெண்ணெய், அவ்வளவுதான். கை நழுவி எண்ணெய் கூடினால் சித்திரைப் புழுக்கத்தில் மை கன்னத்தில் ஓடும். நெய் விட்டுக் குழைப்பதும் உண்டு, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு நெய் நிற்காது. மை வைத்ததும் கீழ் இமைக்கு அடியில் சிட்டிகை பவுடர் ஒற்றினால் பரவாது. ஒரு குச்சி ஒரு ஆளுக்கு மட்டும். குழுவில் ஒருவருக்குக் கண்வலி இருந்தால் ஒரே குச்சி ஒரு வாரத்தில் எல்லோரையும் படுக்க வைத்துவிடும்.

இதே மையைத்தான் ஆறு மாதத்து ஆண் குழந்தைக்கு இமையில் தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். மொட்டை போடுவதற்கு முன் அவனுக்குப் பூச்சடை வைத்துத் தைத்து, பாவாடை கட்டி போட்டோ எடுக்கிறோம். முன் பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்தவனுக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயரிட்ட ஊர் இது. கடுக்கனும் குடுமியும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு வரை இங்கே ஆண்களின் அடையாளம். இருபது வயதில் அவனே மை வைத்தால் மட்டும் “என்னடா இது, பொம்பள மாதிரி” என்ற குரல் வருகிறது. மை மாறவில்லை. எடுத்து வைத்தது அவன் கை என்பதுதான் உறுத்துகிறது.

சித்திரை 22, திங்கள்

அன்பளிப்பு பற்றி விழாக் கமிட்டிக்காரர்கள் படிக்க வேண்டும். ஸ்திரீபார்ட்டின் ரவிக்கையில் ரூபாய் நோட்டைக் குத்தும் வழக்கம் இன்னும் பல ஊரில் இருக்கிறது. குத்துகிற சாக்கில் கிள்ளுவதும், கையை எடுக்காமல் நிற்பதும் நடக்கிறது. “ஆம்பளதானே, என்ன ஆயிடும்” என்கிறார்கள். அவருக்கு வலிக்கும், கூசும். மேடை ஓரத்தில் ஒரு ஆளைத் தாம்பாளத்தோடு நிறுத்துங்கள். பணம் தட்டில் விழட்டும், மைக்கில் பெயரைச் சொல்லிவிடலாம். கொடுப்பவர் பெயர் ஊர் முழுக்கக் கேட்டால் அவருக்கும் திருப்திதான்.

சித்திரை 28, ஞாயிறு

இன்று நரசிம்ம ஜெயந்தி. மெலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் பாகவத மேளக் காலம். ஆண்களே எல்லா வேஷமும் கட்டும் கோயில் நாட்டிய நாடகம் அது. பிரகலாத சரித்திரத்தில் பிரகலாதனின் தாய் லீலாவதியாக வந்து, மகனுக்காகத் தவிப்பது ஆண்தான். அபிநயத்தில் ஒரு பெண்ணின் துக்கத்தை அத்தனை நுணுக்கமாகக் காட்டினால் ஊர் கண் கலங்குகிறது. வக்கீல் இ. கிருஷ்ணய்யர் மெலட்டூர் நடேசய்யரிடம் கற்று, பெண் உடையிலேயே சதிர் (இன்றைய பரதநாட்டியம்) ஆடிக் காட்டியவர். சதிரை இழிவென்று பலர் ஒதுக்கிய காலம் அது.

ஆனால் இந்த மரியாதைக்கு ஒரு வேலி உண்டு. கோயில், பாட்டு, பரம்பரை என்ற மூன்றும் கூட இருந்தால்தான் மரியாதை. மூன்றையும் கழித்துவிட்டு அதே முகத்தோடு ஒரு பையன் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். அர்த்தநாரியைச் சொல்லி வாதாடுகிறார்கள். சாமியைக் கும்பிடுகிற கை பஸ்ஸில் நகர்ந்து இடம் தருவதில்லை, அதனால் அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு.

சித்திரை 30, செவ்வாய்

திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாவுக்குப் போகிறவர்களால் இந்த வாரம் வடக்கே போகும் பஸ்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு சொல்லைப் பிரித்து வைத்துக்கொள்வோம். நாடகக்காரர் கட்டுவது வேஷம். திருநங்கை கட்டுவது அவர் உடை, அதை வேஷம் என்று சொல்லக் கூடாது. ஆணாகவே இருந்துகொண்டு நகப்பூச்சு பிடித்த பையன் மூன்றாவது ஆள். மூவரையும் ஒரே வசவால் அடிக்கிற பழக்கம் நம் தெருவில் இருக்கிறது.

பிரிட்டிஷார் 1871இல் வட மாகாணங்களுக்குக் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தில், பதிவுப் பட்டியலில் உள்ள அலிகள் என அவர்கள் எழுதியவர்கள் பெண்ணைப் போல் உடுத்தித் தெருவில் தென்பட்டாலே இரண்டு வருடம் வரை சிறை என்று இருந்தது. 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உடையால் பாலினத்தை வெளிப்படுத்துவதும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. தஞ்சாவூரில் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற திருநங்கை நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ வந்தது. சட்டம் வந்துவிட்டது, தெரு இன்னும் வரவில்லை.

வைகாசி 3, சனி

புடவை. ஆணுக்குத் தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம். இரண்டு பருத்தித் துண்டுகளை நான்காக மடித்து இரு பக்க இடுப்பிலும் வைத்து நாடாவால் கட்டுங்கள். வயிற்றில் துணி வைக்காதீர்கள், பாடும்போது மூச்சு நிற்காது. பாவாடை நாடா இரண்டு விரல் அகலமாக இருந்தால் அறுக்காது. ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது கையைத் தூக்கச் சொல்லி எடுங்கள். தொங்கவிட்ட கைக்குத் தைத்தால் முதல் முத்திரையிலேயே முதுகில் கிழியும். கை முழங்கை வரை வரட்டும். ஒன்பது கஜம் என்றால் கூறைநாட்டுச் சேலை நல்லது. பட்டும் பருத்தியும் கலந்த நெசவு, கொசுவம் வழுக்காது. வேட்டியை மடித்துக் கட்டிப் பழகிய கை தன்னையறியாமல் கொசுவத்தை உருவிவிடும், அதனால் இரண்டு ஊக்கு உள்பக்கமாகக் குத்துங்கள்.

சவுரி முடியின் பாரம் கழுத்தை இழுக்கும். நாடாவை உச்சியில் வலைத்தொப்பியோடு சேர்த்துக் கட்டினால் தாங்கும்.

வேட்டிக்கே வாசலில் தடை போட்ட கிளப்புகள் இருந்தன. 2014இல் ஒரு நீதிபதியையே திருப்பி அனுப்பிய பிறகு தமிழக அரசு சட்டம் போட்டது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். உடையைப் பார்த்து ஆளை நிறுத்துவது எவ்வளவு அவமானம் என்று அன்று ஊரே பேசியது. அந்த அவமானம் இந்தப் பையன்களுக்குத் தினமும் நடக்கிறது.

வைகாசி 6, செவ்வாய்

கலைப்பது. இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது, விடிந்ததும் ஊர் பார்ப்பதும் இதைத்தான்.

கலைக்க முடியாததை முதலிலேயே வைக்காதீர்கள். மருதாணி பத்து நாளுக்கு மேல் நிற்கும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கோ பட்டறைக்கோ போகிறவர் என்றால் கைக்குச் செம்பஞ்சுக் குழம்பு போதும், இரண்டொரு குளியலில் போய்விடும். புருவத்தை வழிக்கவே வழிக்காதீர்கள், வளர மாதங்கள் ஆகும். ஈரச் சோப்புக் கட்டியைப் புருவத்தில் தேய்த்து, சீப்பால் படியவைத்து, காய்ந்ததும் கலரைப் பூசினால் மறைந்துவிடும். நெற்றி வேர்வையை மட்டும் அடிக்கடி ஒற்றுங்கள், சோப்பு கண்ணில் இறங்கும். காதுக்குக் கிளிப் தோடு.

கலைக்கும்போது தண்ணீர் முதலில் வரக் கூடாது. எண்ணெய்க் கலரின் மேல் தண்ணீர் பட்டால் கலர் கரையாமல் முகமெங்கும் இழுபடும், பிறகு பரு கிளம்பும். இரண்டு கரண்டி தேங்காயெண்ணெயை முகமெங்கும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, பழைய வேட்டித் துணியால் கீழிருந்து மேலாக வழியுங்கள். ஒரே துணியைத் திருப்பித் திருப்பித் துடைத்தால் எடுத்த கலரே திரும்ப ஏறும். பிறகு பயத்தமாவு, கடைசியில் தண்ணீர். ஜிகினா காதுமடலிலும் புருவ ஓரத்திலும் ஒளிந்திருக்கும், டேப்பை ஒட்டி எடுங்கள்.

இமை வேரில் இருக்கும் மைக்குப் பஞ்சில் விளக்கெண்ணெய் தொட்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் வைத்திருந்து ஒரே வழியாக இழுங்கள். அப்படியும் ஒரு மெல்லிய கோடு நிற்கும். முதல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், இமைத் தோல் மெலிசு, வீங்கிவிடும். இரண்டு நாளில் தானே போகும். யாராவது உற்றுப் பார்த்துக் கேட்டால் மை என்று சொல்லுங்கள்.