ராகி ஆராய்ச்சியில் ஒரு பன்னாட்டுப் பணி: எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்த வழி

பென்னாகரம் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஆடியில் மழை இறங்கினால் ராகி, தள்ளிப்போனால் கொள்ளு என்பதே அங்கே வழக்கம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தபின், முனைவர் பட்டத்துக்கான கள ஆய்வை ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டில் செய்தேன். ராகியின் உலகத் தொகுப்பிலிருந்து அங்கே தேர்ந்து வைத்திருக்கும் 80 வகைகளில் வறட்சியைத் தாங்குபவை எவை என்பதே என் ஆய்வு. அதன்பின் பன்னாட்டு உணவுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் முதுமுனைவர் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளராகச் சேர இரண்டு ஆண்டுகள் ஆயின. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் பலர் இதே பாதையில் வர விரும்புவதால் எழுதுகிறேன்.

சர்வதேச சிறுதானிய ஆண்டான 2023இல் நான் அனுப்பிய முதல் விண்ணப்பம் நேர்காணல் வரைகூடப் போகவில்லை. ஆய்வுத் திட்ட வரைவில் மரபணுக்களைப் பற்றியும் மணி விளைச்சலைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "இந்த வகையை யார், எதற்காகப் பயிரிடுவார்கள் என்பது தெரியவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. விவசாயி வீட்டில் பிறந்த எனக்கு அந்த வரி மிகவும் வலித்தது.

அந்த மார்கழியில் எங்கள் நிலத்தில் நாட்டு ராகியும், குறைந்த நாளில் முற்றும் ஒரு வகையும் அருகருகே அறுவடைக்கு நின்றன. புதிய வகையின் கதிர்களை உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கதிரைப் பார்க்கவில்லை. அறுத்துப் போட்டிருந்த தாளில் ஒரு பிடி அள்ளி, தன் காலோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தார், முழங்காலைத் தாண்டவில்லை. "ஏம்மா, கதிர் கனமெல்லாம் சரி. சித்திரை வைகாசியில மாட்டுக்கு எதைப் போடுறது?" என்றார்.

மணி பொய்த்த ஆண்டிலும் தாள் கிடைத்தால் மாட்டை விற்காமல் கோடையைக் கடத்தலாம். பால் காசில் அரிசி வாங்கலாம். வறட்சியில் எங்கள் வீட்டு உலை கொதித்தது இப்படித்தான் என்பது தெரிந்திருந்தும், அதை ஆராய்ச்சியாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த ஆடிப் பட்டத்தில் மூன்று வெவ்வேறு தேதிகளில் விதைத்து, மழை தாமதித்தால் மணி எவ்வளவு குறைகிறது, தாள் எவ்வளவு குறைகிறது என்று இரண்டையும் எடை போட்டேன். ஒரே பருவத்தின் தரவுதான் என்றாலும் புதிய வரைவின் முதல் பக்கத்தில் அதையே வைத்தேன். இந்த முறை அழைப்பு வந்தது.

காணொளி நேர்காணலில் என்னைத் திணறவைத்த கேள்வி ஒன்றுதான்: "தருமபுரியின் தாள் கணக்கு இன்னொரு நாட்டுக்கு எப்படிப் பொருந்தும்?" பொருந்தாமலும் போகலாம், முதலில் அங்குள்ளவர்களிடம் கேட்பேன் என்று சொன்னேன். தேர்வுக் குழு அதைக் குறித்துக்கொண்டது. அதன்பின் பரிந்துரைக் கடிதங்கள், சான்றிதழ்கள் என்று வழக்கமான வேலைகளே இருந்தன. ஆப்பிரிக்கா செல்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். நான் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டேன்; பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களே ராகியின் தாயகம். நான் பணிக்குச் சென்ற மேற்குக் கென்யாவில் அதற்கு விம்பி என்று பெயர். அதில் காய்ச்சும் கஞ்சி உஜி. அங்கே நான் பேசிய பெண்கள் தாளைப் பற்றிப் பேசவில்லை, களையைப் பற்றியே பேசினார்கள். கையால் வீசி விதைக்கும் கைவிதைப்பில் நெருக்கமாக முளைக்கும் பயிருக்கு நடுவே, ராகியின் காட்டு இனமும் புல்லாக எழும்புகிறது. இளம் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்குவதில் பல நாட்கள் கழிகின்றன. அந்த உழைப்புக்கு அஞ்சியே விம்பி போடுவதைக் குறைத்துக்கொண்டதாக ஒரு மூதாட்டி சொன்னார்.

இப்போது என் களக் குறிப்பேட்டில் தாள் எடைக்குப் பக்கத்தில் களையெடுக்கும் மணிநேரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வரிசையாக விதைத்தால் களையெடுப்பது எளிதாகிறதா என்று பார்க்க, இந்தப் பருவத்தில் அந்த மூதாட்டியின் நிலத்திலேயே ஒரு பாதியில் வரிசை விதைப்பும் மறுபாதியில் கைவிதைப்பும் செய்திருக்கிறோம்.